குளித்தவர்களும் குறித்தவர்களும்

கடலின் அடிவரை போய் வருவதைத் தமிழில் ‘குளித்தல்’ என்பார்கள். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்ற சொற்கள் இன்றும் தென்கரையில் வழங்குகின்றன. மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார்கள். சிப்பிப் பாரின் மேல் அவர்கள் கழித்த நேரத்தை எல்லாம் கூட்டினால் எந்த விஞ்ஞானக் கப்பலும் கடலில் கழித்த நேரத்தை விட அதிகமாக இருக்கும். ஆனால் அங்கே சிப்பியும் சங்கும் தவிர என்னென்ன ஊர்ந்தன என்பது பற்றி அவர்கள் வாயிலாக நமக்கு எழுத்தில் வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். எழுதத் தெரிந்தவர்கள் கரையில் நின்றார்கள், அல்லது படகில் உட்கார்ந்திருந்தார்கள். குளித்தவர்கள் குறிக்கவில்லை, குறித்தவர்கள் குளிக்கவில்லை. இந்த இடைவெளி எப்படி அடைபட்டது என்பதை ஒரே ஒரு சிறிய உயிரினக் கூட்டத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அது ஓடில்லாத கடல் நத்தை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இராமேசுவரம் பக்கம் ‘கடல் அட்டை’ என்று சொல்லி, அவித்து உலர்த்தி, சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றுமதி செய்துவந்த பிராணி இதுவல்ல. அது நட்சத்திர மீனின் உறவு. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. நாம் பேசுவது தோட்டத்து நத்தையின் உறவை. முட்டையிலிருந்து வெளிவரும்போது சுருண்ட ஓடு இருக்கும். வளரும்போது அதை உதறிவிடும். இவற்றில் பெருங்கூட்டமான ஒரு பிரிவுக்குச் செவுள்கள் உடலுக்கு வெளியே, முதுகின் மேல் பூங்கொத்தைப்போல் விரிந்திருக்கும். அதனால்தான் ‘அம்மணச் செவுள்’ என்று பொருள்படும் நுடிபிராங்க் என்ற பெயர். பெரும்பாலானவை விரல் நீளம்கூட இல்லாதவை. ஓடு இல்லாத குறையை நஞ்சால் ஈடுகட்டுகின்றன. கடற்பஞ்சைத் தின்று அதன் நஞ்சைத் தன் தோலில் சேர்த்துக்கொள்கிறது ஒரு வகை. சொறிமீனின் உறவினங்களைத் தின்று அவற்றின் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல் முதுகின் நீட்சிகளில் ஏந்திக்கொள்கிறது இன்னொரு வகை. ‘என்னைத் தின்னாதே’ என்று ஊருக்கு அறிவிக்கவே அந்த நீலமும் செம்மஞ்சளும் ஊதாவும்.

அந்த நிறம்தான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி. சாராயத்தில் போட்ட சில நாட்களில் நிறம் முழுதும் கரைந்துவிடும். செவுள் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் சுருங்கி, வேகவைத்த மொச்சையைப்போல் ஆகிவிடும். சங்கையோ சோழியையோ ஒரு பெட்டியில் போட்டு நூறு ஆண்டுகள் வைக்கலாம், நூறாம் ஆண்டில் எடுத்துப் பார்த்தாலும் அது அதுவாகவே இருக்கும். கடல் நத்தையை அப்படி வைக்க முடியாது. அருங்காட்சியகத்துப் புட்டியில் கிடப்பது உயிரினத்தின் எச்சம் மட்டுமே. உயிரோடு இருந்தபோது யாராவது அதைப் பார்த்து, நிறத்தோடு வரைந்து, எங்கே எப்போது என்று எழுதி வைத்திருந்தால்தான் அந்தப் புட்டிக்கே அர்த்தம் உண்டு. இந்தத் துறையில் குறிப்புதான் முதற்சான்று, உடல் துணைச்சான்று. மற்ற துறைகளில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு.

இதை நம் கடலில் முதலில் செய்தவர்களில் ஒருவர் எட்வர்டு ஃபிரெடரிக் கெலார்ட். 1819-இல் இலங்கையில் பிறந்தவர், பறங்கியர் வம்சம், எடின்பரோவில் மருத்துவம் படித்துப் படை மருத்துவரானவர். 1852-இல் இலங்கையின் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1850களின் பிற்பகுதியில் முத்துச் சிப்பி ஏன் திடீர் திடீரென்று பாரைவிட்டு மறைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை அரசு அவரிடம் கொடுத்தது. அந்த வேலையில் அவர் கண்டவை சுவாரஸ்யமானவை: சிப்பி தன்னைப் பாறையோடு கட்டிவைத்திருக்கும் நார்களைத் தானே அறுத்துக்கொண்டு இடம் மாறி, மீண்டும் நார் விட்டு ஒட்டிக்கொள்ளும் என்பது ஒன்று; முத்து விளைவதற்கு ஒட்டுண்ணிப் புழுக்களும் காரணமாகலாம் என்பது இன்னொன்று. ஆனால் திருகோணமலையில் இருந்த காலத்தில் அவர் மனம் பறிகொடுத்தது, யாரும் காசு கொடுக்காத இந்த நத்தைகளிடம். 1858-இலும் 1859-இலும் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழிலும் லண்டன் இதழொன்றிலும் அவற்றை வரிசையாக விவரித்தார். நிறப் படங்களும் வரைந்தார். ஆனால் கட்டுரைகளில் அச்சானவை சுருக்கமான சொல்விவரணைகள்தாம்.

அவற்றில் ஒன்று வெள்ளை உடலில் கறுப்பு வளையங்கள் கொண்டது. மருத்துவர் அல்லவா, அவருக்கு அது துக்க உடையாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஃபுனெப்ரிஸ்’, அதாவது இழவுக்குரியது என்று பெயர் வைத்தார். இன்று ஜோருன்னா ஃபுனெப்ரிஸ் என்று அழைக்கப்படும் அதை மன்னார் முதல் பசிபிக் தீவுகள் வரை பார்க்கலாம். இந்தியக் கடலில் எடுத்த இதே நத்தையிலிருந்து 2000-இல் இத்தாலிய, இந்திய ஆய்வாளர்கள் புற்றணுக்களை அழிக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, நத்தையின் பெயராலேயே ஜோருமைசின் என்று அழைத்தார்கள். துக்கப் பெயர் வைத்த மருத்துவர் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. 1860-இல், நாற்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே அவர் இறந்துபோனார். அவர் வரைந்த படங்கள் அச்சேறவில்லை. படமில்லாத அவருடைய விவரணைகளை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறை திண்டாடியது.

*

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், வங்காள விரிகுடாவின் மேல்கரையில் இன்னொருவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். வால்டர் எலியட் என்ற பெயரைக் கல்வெட்டு, நாணயம் பற்றிப் படிப்பவர்கள் அறிவார்கள். 1845-இல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டியவர். அங்கிருந்து சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின்னர் கப்பலேறி இன்று லண்டனில் இருக்கும் சிற்பங்களுக்கு வெகுகாலம் ‘எலியட் சலவைக்கற்கள்’ என்றே பெயர். சென்னை அரசின் கீழ் வடசர்க்கார்களின் ஆணையராக 1845 முதல் 1854 வரை இருந்தார். 1853-இலும் 1854-இலும், இன்றைய விசாகப்பட்டினத்தின் பகுதியான வால்டேரில் வசித்தபோது, கரையில் கிடைத்த கடல் நத்தைகளைச் சேகரித்து, உயிரோடு இருக்கும்போதே ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் வரையச் செய்தார். பிறகு படங்களும் சாராயத்தில் இட்ட உடல்களும் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்குப் போயின.

நியூகாசிலுக்கு ஏன் என்று கேட்கலாம். அங்கேதான் ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்ற இரு நண்பர்கள் இருந்தார்கள். இருவரும் பல்கலைக்கழகத்தவர் அல்லர். பிரிட்டனின் நுடிபிராங்குகளைப் பற்றி 1845 முதல் 1855 வரை பகுதி பகுதியாக அவர்கள் வெளியிட்ட நூலின் வண்ணப் படங்கள் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவைக்கும். இடையில் வங்கி ஒன்று திவாலாகி ஆல்டரின் சேமிப்பெல்லாம் போயிற்று. அரசு கொடுத்த உதவித்தொகையில் கடைசிக் காலத்தை ஓட்டினார். அந்த நிலையிலும் வால்டேர் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு வேலை செய்து, 1864-இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் இருவரும் கட்டுரையை வெளியிட்டார்கள். சேகரித்ததற்கும் அச்சுக்கும் இடையே பத்து ஆண்டுகள். அந்தக் கட்டுரையில் புதிய பேரினம் ஒன்றுக்குக் ‘கலிங்கா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். செந்நிறக் குமிழ்கள் பதித்த கலிங்கா ஒர்னாட்டா. பரணி பாடப்பட்ட நாட்டின் பெயர் ஒரு நத்தைக்கு விலாசமாக ஆனதை நம் ஜெயங்கொண்டார் அறிந்தால் சிரித்திருப்பார். இன்னொன்றுக்கு எலியட்டின் பெயரையே சூட்டினார்கள்: பிளாட்டிடோரிஸ் எலியோட்டி.

எலியட்டின் பெயர் நத்தையில் இருக்கிறது. ஆல்டர், ஹான்காக் பெயர்கள் ஒவ்வோர் இனப் பெயரின் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தட்டில் கிடந்து ஊர்ந்துகொண்டிருந்த, நிமிடத்துக்கு நிமிடம் வடிவம் மாறும் ஒரு பிராணியைப் பார்த்து, அதன் நிறம் மங்குவதற்குள் தூரிகையால் பிடித்த அந்த ஓவியரின் பெயர் எந்த இனத்தின் பின்னாலும் இல்லை. நியூகாசில்காரர்கள் அந்த நத்தைகளை உயிரோடு கண்டதில்லை. அவர்கள் எழுதிய நிற விவரணை ஒவ்வொன்றும் அந்த ஓவியரின் கண் வழியாகப் போனது. காலனிய இயற்கையியல் நூல்கள் பலவற்றின் கதை இதுதான் என்பது தெரிந்ததே. எனினும் இங்கே அநீதி சற்றுக் கூடுதலானது என்பது என் எண்ணம். ஒரு பறவைப் படம் தொலைந்தால் தோலும் இறகும் மிஞ்சும். இங்கே படம் தொலைந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

எலியட் 1860-இல் ஓய்வுபெற்று ஸ்காட்லாந்து திரும்பினார். முதுமையில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. பார்வையிழந்த நிலையில்தான் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலை எழுதி முடித்தார். அது 1886-இல் வெளிவந்தது. 1887 மார்ச் 1 அன்று, இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, ஜி. யு. போப்புக்கு அவருடைய திருக்குறள் பதிப்பு குறித்து ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்துக் கையொப்பமிட்டார். நத்தைக்கும் குறளுக்கும் ஒரே மனத்தில் இடமிருந்த காலம் அது.

*

பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறையை ஆண்டவர் கோபன்ஹேகனின் ருடால்ஃப் பெர்க். தொழிலில் பால்வினை நோய் மருத்துவர். (ஆணும் பெண்ணும் ஒரே உடலில் அமைந்த நத்தைகளின் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்வதில் அவர் காட்டிய பேரார்வத்துக்கு இது காரணமா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.) உலகெங்கும் போன கப்பல்கள் கொண்டுவந்த புட்டிகள் அவர் மேசைக்குப் போயின. உள்ளுறுப்புகளையும், அரம்போன்ற நாக்கின் பற்களையும் அவரளவுக்கு நுணுக்கமாக ஆராய்ந்தவர் இல்லை. ஆனால் நிறமிழந்த உடல்களுக்கு அவர் வைத்த பெயர்கள் பலவற்றை உயிருள்ள நத்தை எதனோடு பொருத்துவது என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஒரு பக்கம் உடலில்லாத படங்கள், மறுபக்கம் படமில்லாத உடல்கள்.

இரண்டையும் சேர்த்துவைக்க வந்தவர் இன்னொரு எலியட், சார்லஸ் எலியட். முன்னவரோடு உறவு இல்லை, எழுத்துக்கூட்டலும் வேறு. 1921-இல் வெளிவந்த ‘இந்து மதமும் பௌத்தமும்’ என்ற மூன்று தொகுதி நூலின் ஆசிரியர் என்றால் நம்மில் சிலருக்கு நினைவு வரும். அதே மனிதர்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1900 முதல் 1904 வரை பிரிட்டிஷ் ஆணையராக இருந்தபோது, சான்சிபார் கரையில் கடல் நத்தைகளைத் தேடிக்கொண்டிருந்தார். நிலம் வழங்குவதில் லண்டனோடு தகராறு வந்து பதவியை உதறிவிட்டு இங்கிலாந்து திரும்பினார். அதற்குப் பின்பு, 1906-இல், கெலார்டின் படங்களையும் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் ஒப்பிட்டு, தென்னிந்தியா, இலங்கை நுடிபிராங்குகள் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். கெலார்ட் இறந்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பார்த்தது என்ன என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விசாரித்தார் என்றே இதைச் சொல்ல வேண்டும். இறந்தவரின் வாக்குமூலத்தைச் சரிபார்ப்பது போன்ற வேலை. பின்னாளில் ஜப்பானில் தூதராக இருந்து, ஓய்வுபெற்று, 1931-இல் அங்கிருந்து திரும்பும் வழியில் கப்பலில் இறந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள்.

கெலார்ட், எலியட், இன்னொரு எலியட் மூவருமே நத்தைகளைத் தாழ்நீரில் பாறைகளைப் புரட்டியோ, தூர்வாரியோ, மீனவர் கையிலிருந்து வாங்கியோ பார்த்தவர்கள். பவளப்பாரின் சரிவில், பதினைந்து மீட்டர் ஆழத்தில், அது எதைத் தின்கிறது, எதன் பக்கத்தில் முட்டை நாடாவைச் சுற்றிவைக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

*

1943-இல் பிரான்சில் கூஸ்டோவும் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய மூச்சுக்கருவி அந்த வழியைத் திறந்தது. இதன் முக்கியத்துவத்தை ஆழமாகப் போகலாம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆழத்துக்கு முத்துக்குளிப்பவரும் போனார். அவருக்கு இல்லாதிருந்தது அவசரமின்மை. மூச்சு தீரும் என்ற கவலையில்லாமல் முக்கால் மணி நேரம் ஒரே பாறையின் முன் மிதந்துகொண்டு, விரல் நக அளவுள்ள ஒன்றைத் தேட முடிந்தது முதன்முறையாக அப்போதுதான். 1963-இல் நிக்கோனோஸ் என்ற நீர்புகாத புகைப்படக் கருவி வந்தது. குளிப்பவரும் குறிப்பவரும் ஒரே ஆளாக ஆனார்.

இதை முறையாகச் செய்தவர்களில் ஆஸ்திரேலியாவின் நெவில் கோல்மனைச் சொல்ல வேண்டும். விலங்கியல் பட்டம் பெற்றவரல்லர். 1969-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அந்தக் கண்டத்தின் கரையோரம் முக்குளித்து, கடல் உயிர்களைப் படமெடுத்துத் தொகுத்தார். கடல் நத்தைகளைப் பற்றிய கலைக்களஞ்சிய நூலொன்றை 2008-இல் வெளியிட்டார், 2012-இல் மறைந்தார். படித்தவர் தரப்பிலிருந்து கைநீட்டியவர் சிட்னி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பில் ரட்மன். 1998 முதல் 2010 வரை இணையத்தில் அவர் நடத்திய பக்கத்துக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் முக்குளிப்பவர்கள் படம் அனுப்பினார்கள். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் இடம், ஆழம், நீளம், தேதி, எடுத்தவர் பெயர். ரட்மன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார், சளைக்காமல். படமெடுத்தவர் பெயர் கட்டாயமாக இருந்தது என்பதை வால்டேர் ஓவியரை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஒரு பார்வையாளர் நீருக்கடியில் குறித்துக்கொள்வது அதிகமில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பலகை, கயிற்றில் கட்டிய பென்சில். ஆழம், நீரின் வெப்பம், நேரம், எத்தனை, எதன் மேல் இருந்தது, பக்கத்தில் முட்டை உண்டா. மேலே வந்தபின் பாரின் பெயரும் தேதியும். கடைசி இரண்டையும் எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. நத்தை அழகாக விழுந்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் படம் பெர்க்கின் புட்டிக்கு நிகரானது. இம்முறை நிறம் இருக்கும், விலாசம் இருக்காது.

விலாசம் ஏன் வேண்டும் என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல சாட்சி. இந்த நத்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுகின்றன. ஆகவே கடல் சூடானால் இவை உடனே இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். தெற்கில் சாதாரணமாகக் கிடைக்கும் ரோஜா நிற நத்தை ஒகேனியா ரோசேசியா, 2015 தொடக்கத்தில் வட கலிஃபோர்னியக் கரையின் பாறைக்குட்டைகளில் கூட்டம் கூட்டமாகத் தென்பட்டது. 1998-இன் எல் நினோவுக்குப் பிறகு அப்படிக் கண்டதில்லை என்று அங்குள்ளவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, பழைய குறிப்புகள் இருந்ததால். 2014 முதல் 2016 வரை நீடித்த அந்தக் கடல் வெப்ப அலையில் தெற்கத்திய இனங்கள் 67 வட கலிஃபோர்னியாவில் பதிவாயின. அவற்றில் 37 இனங்கள் அதுவரை அவ்வளவு வடக்கே காணப்படாதவை என்று 2019-இல் ஓர் ஆய்வு தொகுத்துச் சொன்னது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஃபிடியானா ஹில்டோனி என்ற நத்தையின் கதை. அது பிற நத்தைகளையே தின்னும். 1977-இலிருந்து அது மான்டரே விரிகுடாவைத் தாண்டி வடக்கே நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பரவியது. போன இடத்தில் மற்ற நத்தைகள் குறைந்தனவா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அது வருவதற்கு முன்பு எத்தனை இருந்தன என்று தெரிய வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டக்ஸ்பரி பாறைத்திட்டில் 1970களின் முற்பகுதியில் எண்ணி எழுதிவைத்திருந்த கணக்கு கிடைத்தது. அப்போது எண்ணியவர்களுக்கு இப்படியொரு கேள்வி வரும் என்று தெரியாது. புதிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, அது தின்னும் இனங்கள் குறைந்திருக்கின்றன என்று 2011-இல் எழுதினார்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே நெல்சன் பே என்ற ஊரில் 2013-இல் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தார் உள்ளூர் முக்குளிப்பவர்களைக் கூட்டி, வார இறுதியில் ‘கடல் நத்தைக் கணக்கெடுப்பு’ ஒன்றைத் தொடங்கினார்கள். அது பிற கரைகளுக்கும் பரவியது. வெப்பமண்டலத்து நத்தைகள் தெற்கே டாஸ்மன் கடல்வரை இறங்கிவருவது இத்தகைய பதிவுகளால் தெரியவந்தது.

எல்லாம் சரி, புகைப்படத்தை அவ்வளவு நம்பலாமா என்றால், முழுவதும் கூடாது. கறுப்புக் கோடும் நீலமும் மஞ்சளுமாக இருக்கும் குரோமோடோரிஸ் நத்தைகளின் மரபணுவை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று சங்கடமான உண்மையைச் சொன்னது. ஒரே இனம் வெவ்வேறு கடல்களில் வெவ்வேறு உடுப்பில் இருக்கிறது. வெவ்வேறு இனங்கள் ஒரே கடலில் ஒரே உடுப்பை அணிந்துகொள்கின்றன. நிறத்தை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தார்கள். சிலர் இதைக் காட்டிப் பொழுதுபோக்கு முக்குளிப்பவரின் படங்களை ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எந்தக் கடலில் எந்த உடுப்பு என்ற கேள்வியே இடமும் தேதியும் குறித்த ஆயிரக்கணக்கான படங்கள் இருப்பதால்தான் கேட்க முடிகிறது. மரபணு யார் என்று சொல்லும். எங்கே, எப்போது என்பதை ஒருவர் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதி 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. பவளமும் கடற்பஞ்சும் போனால் அவற்றை நம்பியிருக்கும் நத்தையும் போகும். எது போயிற்று என்று சொல்ல முன்பு எது இருந்தது என்ற குறிப்பு வேண்டும். டக்ஸ்பரிக்காரர்களுக்கு அது கிடைத்தது. நமக்கு இருப்பதில் பெரும்பகுதி ஆய்வு நிலையங்களின் கட்டுரைகள், அவற்றுக்குப் பின்னால் கெலார்டும் இரண்டு எலியட்டுகளும். பொழுதுபோக்காகக் கருவி மாட்டி இறங்குபவர்கள் அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் போகிறார்கள். பூங்காவுக்குள் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும், அது தேவையான கட்டுப்பாடுதான்.

தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்பவர்கள் இப்போது கல்லைப் பயன்படுத்துவதில்லை. படகில் காற்றழுத்த இயந்திரம் ஓடுகிறது. அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டி, தரையில் வெகுநேரம் தேடுகிறார்கள். ஆபத்தான முறை, மூட்டும் நுரையீரலும் பாழாகும். விடிகாலையில் போய்ப் பிற்பகலில் திரும்புகிறார்கள். ஏலக்காரர் சங்கின் சுற்றளவை அளந்து எழுதிக்கொள்கிறார். அன்று கீழே வேறென்ன பார்த்தார்கள் என்று கேட்பதற்குக் கரையில் ஆள் இல்லை.